ஐக்யூ ஏறலையாம், அப்ப மூடிடலாமாம்

எங்க பக்கம் ரெண்டரை மூணு வயசு குழந்தைய பால்வாடில விட்டா அடுத்த மாசமே வீட்டுல ஒரு பரீட்சை நடக்கும். சித்தப்பா வருவாரு, பெரியம்மா வருவாங்க, யாராச்சும் ஒருத்தர் குழந்தைய மடியில உக்கார வெச்சு "எங்க சொல்லு, ஏ ஃபார்...?"னு ஆரம்பிப்பாங்க. குழந்தை முழிக்கும், இல்லன்னா அம்மா முந்தானைக்குள்ள மூஞ்சிய பொதைச்சுக்கும். அவ்வளோதான், தீர்ப்பு வந்துடும். பால்வாடில ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல, சோறு போட்டு தூங்க வெக்கிறாங்க, பேசாம வேன் வர்ற ஸ்கூல்ல எல்கேஜி சேத்துடலாம். பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், பர்கூர்னு எந்த ஊருக்கு வேணா போய் கேளுங்க, இதே டயலாக் தான்.

2019 ஜனவரில கவர்மெண்ட்டே மிடில் ஸ்கூல் வளாகத்துல இருக்கற 2,381 அங்கன்வாடில எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சாங்க, 2022ல அத நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு வந்து சத்தம் கெளம்பினதும் திரும்ப நடத்துறோம்னு சொன்னாங்க. பெத்தவங்க கேக்கறது அதுதான், அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா பால்வாடி நல்லா நடக்குதா இல்லையான்னு எதை வெச்சு சொல்றதுங்கற கேள்விய மட்டும் யாரும் கேக்கறதில்ல.

இதே சண்டை அமெரிக்காவுல தேசிய அளவுல நடந்துச்சு, 1969ல. அந்த சண்டைக்கு நடுவுல ஒரு சைக்காலஜி புரொஃபசர் மாட்டிக்கிட்டாரு, மாட்டிக்கிட்டாருன்னு சொல்றத விட தானா போய் உக்காந்துட்டாருன்னு தான் சொல்லணும், அதுக்கப்புறம் ஐம்பது வருஷம் எந்திரிக்கவே இல்ல. எட்வர்ட் ஜிக்லர், யேல் யூனிவர்சிட்டி. நான் பி.எட் புள்ளைங்களுக்கு குழந்தை வளர்ச்சி பேப்பர் எடுக்கறேன், அதுல பியாஜே உண்டு, எரிக்சன் உண்டு, ஒழுக்க வளர்ச்சிக்கு கோல்பெர்க் போட்ட ஆறு படிநிலைய மனப்பாடம் பண்ணியே ஆகணும், ஜிக்லர் பேர் ஒரு மூலைல கூட இல்ல. என்னைக் கேட்டா தர்மபுரி, கிருஷ்ணகிரில வாத்தியாரா போகப் போற புள்ளைக்கு கோல்பெர்க்க விட இவரு தான் ஒதவுவாரு. சிலபஸ் போடறவங்க என்னைக் கேக்க மாட்டாங்க, அதனால இங்க எழுதறேன்.

ஆளு பொறந்தது 1930 மார்ச் 1, மிசோரி மாநிலத்துல கான்சஸ் சிட்டி. அப்பா அம்மா போலந்துல இருந்து பொழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா குதிரை வண்டில காய்கறி பழம் வெச்சு தெருத்தெருவா விக்கறவரு, பையனும் கூட போவான். அந்த ஊர்ல குடியேறி வந்த ஏழைங்களுக்குன்னு ஒரு சேவை மையம் இருந்துச்சு, பெரியவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவாங்க, குழந்தைங்களுக்கு வைத்தியம் பாப்பாங்க, குடும்பத்துக்கே ஒரே எடத்துல எல்லாம் கெடைக்கும். இத ஏன் சொல்றேன்னா பின்னாடி அவர் வாஷிங்டன்ல கட்டினதெல்லாம் கிட்டத்தட்ட இந்த மையத்தோட பெரிய சைஸ் தான். 1958ல டெக்சாஸ் யூனிவர்சிட்டில பிஎச்.டி, 1959ல யேல்.

அரசியலுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி அவர் ஆராய்ச்சி பண்ணது அறிவு வளர்ச்சி குறைவா இருக்கற, விடுதில வளர்ற குழந்தைங்கள வெச்சு. ஒரு சோதனை உண்டு, கேக்க சப்பையா இருக்கும் ஆனா கொஞ்சம் பொறுமையா படிங்க. ஒரு பொட்டி, அதுல ஓட்டை, கையில கோலிகுண்டு. கோலிய எடுத்து ஓட்டைல போடணும், அவ்வளோதான் வெளையாட்டு. எப்ப வேணா நிறுத்திக்கலாம். பக்கத்துல ஒரு பெரியவர் உக்காந்து "நல்லா போடறியே"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. சாதாரண வீட்டுக் குழந்தை கொஞ்ச நேரத்துல போரடிச்சு எந்திரிச்சிடும். விடுதிக் குழந்தைங்க போட்டுக்கிட்டே இருக்கும். அதுக்கு முன்னாடி இருந்த ஆளுங்க இதப் பாத்துட்டு இந்தக் குழந்தைங்க மூளையே அப்படித்தான், ஒரு வேலைல இருந்து இன்னொண்ணுக்கு மாறத் தெரியாது, இறுகிப் போன மூளைன்னு எழுதி வெச்சிருந்தாங்க. ஜிக்லர் வேற மாதிரி யோசிச்சாரு. மூளை இறுகிப் போனதால போடல, பக்கத்துல உக்காந்து பாராட்டற மனுஷன் எந்திரிச்சுப் போயிடக் கூடாதேன்னு போடுது. விடுதிக்கு வர்றதுக்கு முன்னாடி யாரும் கவனிக்காம கெடந்த குழந்தை எதுவோ அது தான் இன்னும் அதிக நேரம் வெளையாடுச்சு. இது கோலி சோதனை தானேன்னு விட்டுடலாம், ஆனா அவரோட மொத்த தொழில் வாழ்க்கையும் இதுல இருந்து தான் கெளம்புது. குழந்தை ஒண்ணு பண்ணலன்னா அதுக்குத் தெரியலன்னு அர்த்தம் இல்ல. பயமா இருக்கலாம், பாசத்துக்கு ஏங்கறதா இருக்கலாம், தப்பா சொன்னா அடிப்பாங்கன்னு நெனைக்கலாம்.

1965 ஆரம்பத்துல ஜனாதிபதி ஜான்சனோட வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு சார்ஜென்ட் ஷ்ரைவர் தலைமை. ஏழைக் குழந்தைங்களுக்கு ஸ்கூல் சேர்றதுக்கு முன்னாடியே ஏதாச்சும் பண்ணணும்னு டாக்டர் ராபர்ட் குக் தலைமைல ஒரு கமிட்டி போட்டாங்க, அதுல முப்பத்தஞ்சு வயசு கூட ஆகாத ஜிக்லரும் ஒருத்தர். கமிட்டி சொன்னது சின்னதா ஆரம்பிச்சுப் பாக்கலாம்னு. மேல இருந்தவங்க ஒரே கோடைல அஞ்சு லட்சத்துக்கு மேல குழந்தைங்கள சேத்துட்டாங்க, எட்டு வாரத்துக்கு. அதுதான் ஹெட் ஸ்டார்ட். (அதே 1965 அக்டோபர் 2ல தான் தர்மபுரி சேலத்த விட்டுப் பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு, சரியா பத்து வருஷம் கழிச்சு 1975 அக்டோபர் 2ல நம்ம நாட்டுல ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அதாவது இன்னைக்கு பால்வாடிய நடத்தற திட்டம். சும்மா ஒரு தேதிப் பொருத்தம் தான், எனக்கு இதெல்லாம் கண்ணுல பட்டுடும்.)

ஹெட் ஸ்டார்ட்ல என்ன இருந்துச்சுன்னா சாப்பாடு, டாக்டர் செக்கப், பல்லு செக்கப், தடுப்பூசி, வெளையாட்டு, அப்புறம் பெத்தவங்க. பெத்தவங்கள உள்ள இழுக்கணும், அவங்கள கமிட்டில உக்கார வெக்கணும், வேலைக்கே எடுக்கணும், குழந்தைய மட்டும் தனியா பிரிச்சு எடுத்து ரிப்பேர் பண்ணி திருப்பி அனுப்பற வேலை இல்லன்னு கமிட்டில விடாம சொன்னவரு யூரி பிரான்ஃபென்பிரென்னர், கார்னெல்ல இருந்து வந்தவரு. பி.எட் புள்ளைங்க இவர் பேர, நடுவுல குழந்தை, சுத்தி குடும்பம், ஸ்கூல், சமூகம்னு வட்டம் வட்டமா படம் போட்டு படிச்சிருப்பீங்க, அந்த வட்டம் ஒரு கமிட்டி ரூம்ல சண்டை போட்டு நடைமுறைக்கு வந்த கதை யாரும் சொல்லித் தர்றதில்ல.

சரி, இதெல்லாம் எத வெச்சு அளந்தாங்க? ஐக்யூவ வெச்சு, அதாவது புத்திக்கூர்மை டெஸ்ட்ல எடுக்கற மார்க்க வெச்சு. ஏன்னா அதுக்கு ரெடிமேடா டெஸ்ட் இருந்துச்சு. மொத கோடை முடிஞ்சதும் மார்க் ஏறிடுச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு, எட்டு வாரத்துல ஏழைக் குழந்தை அறிவாளி ஆயிடுச்சுன்னு ஊரே சந்தோஷப்பட்டுச்சு. அந்த சந்தோஷத்துல கல்லைப் போட்டது வேற யாரும் இல்ல, ஜிக்லரே தான். 1968ல அவரும் பட்டர்ஃபீல்டுங்கற இன்னொரு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து நர்சரி போற ஏழைக் குழந்தைங்களுக்கு டெஸ்ட்ட ரெண்டு விதமா வெச்சாங்க. ஒண்ணு வழக்கமான முறை. இன்னொண்ணு, தப்பு பண்ணா உடனே ஒரு ஈசியான கேள்விய குடுத்து தைரியம் வர வெச்சு அப்புறம் கஷ்டமானது கேக்கறது. ரெண்டாவது முறைல வருஷ ஆரம்பத்துலயே மார்க் அதிகம். அப்ப நர்சரி போய் வருஷக் கடைசில ஏறின மார்க் பெரும்பாலும் அறிவு ஏறினது இல்ல, பயம் போனது. தெரியாத ஆளு கேள்வி கேட்டா "தெரியாது"ன்னு சொல்லி தப்பிக்கற பழக்கம் போனது.

இந்த எடத்துல எங்க அம்மாவ பத்தி சொல்லணும். அம்மா பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துல பால்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நான் லீவு நாள்ல போய் உக்காந்திருப்பேன். ஒரு பாப்பா, அதோட அப்பா அம்மா ரெண்டு பேரும் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, ஆயா, அதாவது பாட்டி தான் வளக்கறாங்க. வந்த நாள்ல இருந்து வாயே தொறக்காது. "உன் பேர் என்ன கண்ணு?" பதில் இல்ல. எடை போடற தராசு பக்கத்துல போய் சொவத்த ஒட்டி நின்னுக்கும். புள்ளைக்கு பேச்சு வரலையோன்னு கூட ஊர்ல பேசினாங்க, சாமி குத்தம்னு கூட ஒருத்தர் சொன்னாரு. அம்மா அதுகிட்ட கேள்வியே கேக்கறத நிறுத்திட்டாங்க. முட்டை போடற நாள்ல அவிச்ச முட்டை இருக்கற குண்டான அது முன்னாடி வெச்சு "சாமி, நீ தான் எல்லாத்துக்கும் குடுக்கணும்"னு சொல்லிட்டு போயிட்டாங்க. அது ஒவ்வொரு தட்டுலயும் ஒரு முட்டைய வெச்சுக்கிட்டே போவுது, உதடு மட்டும் அசையுது. சில நாள் கழிச்சு ஒரு பையனுக்கு வெக்காம தாண்டிப் போயிட்டு, திரும்பி வந்து, சத்தமா "இவனுக்கு வெக்கல"ன்னு சொல்லுச்சு பாருங்க, அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே போச்சு. எண்ணிக்கை அதுக்கு மொதல்ல இருந்தே தெரியும். ஆயா கூட புளி கொட்டை எடுக்க உக்காரும், அங்க கத்துக்கிட்டது. அம்மாவுக்கு ஜிக்லர் யாருன்னு தெரியாது, அவர் யேல்ல ரெண்டு விதமா டெஸ்ட் வெச்சு கண்டுபிடிச்சத இவங்க ஒரு குண்டான் முட்டைல பண்ணிட்டாங்க. ஆனா அம்மாவோட மாச மீட்டிங்ல கேக்கறது எடை ரெஜிஸ்டர், முட்டை ஸ்டாக், சத்துமாவு பாக்கெட் கணக்கு. ஊர்ல கேக்கறது ஏபிசிடி. அந்தப் பாப்பா வாயத் தொறந்தத எழுத எந்த ரெஜிஸ்டர்லயும் கட்டம் இல்ல.

1969க்கு வர்றேன். வெஸ்டிங்ஹவுஸ் ரிப்போர்ட்னு ஒண்ணு வந்துச்சு. ஹெட் ஸ்டார்ட்ல ஏறுன மார்க் ஸ்கூல் போன கொஞ்ச வருஷத்துல கரைஞ்சு போயிடுது, கோடை புரோகிராம்ல பிரயோஜனமே இல்ல, இதான் சாரம். அதே வருஷம் ஆர்தர் ஜென்சன்ங்கற சைக்காலஜிஸ்ட் ஹார்வர்டு பத்திரிகைல, ஏழைக் குழந்தைங்களுக்கான ஈடுசெய் கல்விய முயற்சி பண்ணிப் பாத்தாச்சு, தோத்துடுச்சுன்னு ஆரம்பிச்சு ஒரு பெரிய கட்டுரை எழுதினாரு. திட்டத்தயே மூடிடலாமாங்கற பேச்சு அடிபட ஆரம்பிச்சிடுச்சு. ஐக்யூ ஏறும்னு சொல்லி வித்த சரக்கு, ஐக்யூ ஏறலன்னதும் போணி ஆகல.

இந்த நேரத்துல தான் 1970ல ஜிக்லர் நிக்சன் அரசாங்கத்துல குழந்தைகள் வளர்ச்சி அலுவலகத்தோட மொத டைரக்டரா போறாரு. யேல்ல சொகமா உக்காந்து பேப்பர் எழுதிக்கிட்டிருந்த மனுஷன், குடியரசுக் கட்சி ஆட்சில, ஜனநாயகக் கட்சி ஆரம்பிச்ச திட்டத்த காப்பாத்தப் போறாரு, கூட வேலை செய்ற புரொஃபசருங்க ஒரு மாதிரியா தான் பாத்திருப்பாங்க. உள்ள போனதும் கோடை புரோகிராம்கள வருஷம் முழுக்க நடக்கறதா மாத்தற வேலைல எறங்கினாரு. டீச்சர்களுக்குன்னு ஒரு தகுதிச் சான்றிதழ் கொண்டு வந்தாரு, பட்டம் இல்லாட்டியும் குழந்தைங்கள பாத்துக்கற தெறமைய நேர்ல பாத்து குடுக்கற சான்றிதழ், அது இன்னைக்கும் இருக்கு. வீட்டுக்கே போய் அம்மாக்களோட வேலை செய்ற ஹோம் ஸ்டார்ட். சென்டர்னா இப்படித்தான் இருக்கணும்னு தர விதிகள். முக்கியமா, குறிக்கோள் ஐக்யூ இல்ல, அன்றாட வாழ்க்கைல குழந்தை தன் வயசுக்கு ஏத்தபடி சமாளிக்கற தெறமை, ஒடம்பு ஆரோக்கியம், ஸ்கூல் போறப்ப இருக்கற தன்னம்பிக்கை, இதெல்லாம் சேந்தது தான்னு அடிச்சு சொன்னாரு.

பெரிய அடி விழுந்தது 1971ல. வால்டர் மாண்டேல், ஜான் பிரேடமாஸ்னு ரெண்டு எம்.பி.ங்க கொண்டு வந்த குழந்தை வளர்ச்சி மசோதா ரெண்டு சபைலயும் பாஸ் ஆயிடுச்சு. சுமார் 200 கோடி டாலர். நாடு முழுக்க பகல் நேரக் குழந்தைகள் காப்பகம், ஏழைக்கு இலவசம், மத்தவங்க வருமானத்துக்கு ஏத்த மாதிரி கட்டலாம், சாப்பாடு மருத்துவம் எல்லாம் சேத்து. ஜிக்லர் இதுக்காக உள்ள இருந்து வேலை செஞ்சாரு. டிசம்பர் 9 அன்னைக்கு நிக்சன் வீட்டோ பண்ணிட்டாரு, அதாவது கையெழுத்து போட மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாரு. காசு இல்லன்னு மட்டும் சொல்லியிருந்தா அடுத்த வருஷம் திரும்ப கொண்டு வந்திருக்கலாம், ஆனா அந்த வீட்டோ செய்தில நிக்சனுக்கு உரை எழுதித் தர்ற பேட் பியூகேனன் கை இருந்துச்சு, குடும்பம் வளர்க்க வேண்டிய குழந்தைய கூட்டா வளர்க்கற முறை பக்கம் அரசாங்கத்தோட தார்மீக பலத்தயே கொண்டு போய் சேத்துடும்னு எழுதிட்டாங்க. பனிப்போர் நேரம், கூட்டுன்னாலே ரஷ்யா ஞாபகம் வர்ற காலம். சட்டம் மட்டும் சாகல, அந்தப் பேச்சே செத்துடுச்சு. 1975ல மாண்டேலும் பிரேடமாஸும் இன்னும் சின்னதா ஒரு மசோதா கொண்டு வந்தப்ப பேர் போடாத நோட்டீஸ் ஒண்ணு நாடு முழுக்க சுத்துச்சு, இந்தச் சட்டம் வந்தா பெத்தவங்க மேல குழந்தைங்களே கேஸ் போடலாம்னு, மசோதால அப்படி ஒரு வரி கூட கெடையாது. எம்.பி.க்களுக்கு கோவக் கடிதமா குவிஞ்சு அதுவும் போச்சு. 2017ல இங்க தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டப்ப வாட்ஸ்அப்ல என்னென்ன சுத்துச்சுன்னு ஞாபகம் இருக்கறவங்களுக்கு இது புரியும், ஊசி போட வர்றாங்கன்னு புள்ளைய ஸ்கூலுக்கே அனுப்பாதவங்க எங்க தெருவுலயே இருந்தாங்க.

"குழந்தை வளர்க்கறது குடும்பத்தோட வேலை, கவர்மெண்டுக்கு என்ன?" இந்தக் கேள்விய நான் சும்மா ஒதுக்க மாட்டேன், எங்க ஊர்ல இதக் கேக்கறவங்க நெறைய பேரு, அதுல நல்லவங்களும் உண்டு. ஆனா எந்தக் குடும்பத்த மனசுல வெச்சு கேக்கறாங்க? அரூர், பென்னாகரம் பக்கம் ஊர் ஊரா பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிட்டு ஆயாவும் தாத்தாவும் பேரப்புள்ளைங்களும் மட்டும் இருக்கற வீடு எத்தன. மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரிக்கு ஷிஃப்ட் போற அம்மா, அந்த ரெண்டு மூணு மாசம் குழந்தைய எங்க விடுவா? ஆயா இருந்தா சரி. ஆயாவே நூறு நாள் வேலைக்குப் போறவங்களா இருந்தா? குடும்பம் பாத்துக்கணும்னா குடும்பம் வீட்டுல இருக்க வழி வேணும்ல. ஜிக்லர் பின்னாடி எடுத்துக்கிட்டதும் இந்தப் பக்கத்தத் தான், குடும்பத்துக்கு எதிரா காப்பகம்னு சண்டை போடாம குடும்பத்துக்கே நேரம் வாங்கிக் குடுக்கலாம்னு திரும்பினாரு.

1972ல வேலைய விட்டுட்டு யேலுக்கே வந்துட்டாரு. 1978ல குழந்தை வளர்ச்சியும் அரசுக் கொள்கையும் சேந்த ஒரு மையம் ஆரம்பிச்சாரு, பேர் புஷ் சென்டர். ஜனாதிபதி புஷ் இல்லங்க, மினசோட்டால இருக்கற ஒரு அறக்கட்டளையோட பேரு, ஆனா பின்னாடி புஷ்ஷுங்க ரெண்டு பேரும் ஜனாதிபதி ஆனப்ப இவருக்கு எத்தன பேர்கிட்ட வெளக்கம் சொல்ல வேண்டி இருந்திருக்கும்னு நெனைச்சா சிரிப்பு வருது. 2005ல ஜிக்லர் பேரயே வெச்சுட்டாங்க, பிரச்சனை தீந்துச்சு. சைக்காலஜி படிக்கற புள்ளைங்களுக்கு மசோதா எப்படி எழுதறாங்க, பட்ஜெட் யார் கையில இருக்கு, எம்.பி.யோட உதவியாளர்கிட்ட ரெண்டு பக்கத்துல எப்படி விஷயத்த சொல்றதுன்னு பழக்கினாங்க. நம்ம யூனிவர்சிட்டில எல்லாம் பிஎச்.டி முடிச்சவங்க கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல வரிசைல நின்னா தான் உண்டு.

அந்த மையத்துல 1983ல கைக்குழந்தை விடுப்பு பத்தி ஒரு கமிட்டி போட்டாங்க. 1985ல வந்த பரிந்துரை: குறைஞ்சது ஆறு மாசம் லீவு, அதுல மூணு மாசம் சம்பளத்துல 75 சதவீதம். இதுக்கு நடுவுல 1986ல ஜே பெல்ஸ்கின்னு இன்னொரு சைக்காலஜிஸ்ட் குண்டு போட்டாரு. மொதல்ல டே கேர்ல தப்பில்லன்னு எழுதினவரு தான், இப்ப மொத வயசுலயே வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல அம்மா இல்லாம வேற ஆளுங்ககிட்ட இருந்தா பாசப்பிணைப்புல சிக்கல் வர்ற வாய்ப்பு அதிகம், பின்னாடி முரட்டுத்தனம் வரலாம்னு எழுதிட்டாரு. வேலைக்குப் போற அம்மாக்கள குத்தவாளி ஆக்கறான்னு ஒரு பக்கம் திட்டு, பாத்தீங்களா நாங்க அப்பவே சொன்னோம்னு இன்னொரு பக்கம் கைதட்டு. சண்டை முத்திப் போய் கடைசில அரசாங்கமே 1991ல பொறந்த 1,300க்கு மேல குழந்தைங்கள பத்து எடத்துல வருஷக் கணக்கா பின்தொடர்ந்து பாத்துச்சு, அந்தக் குழுல பெல்ஸ்கியும் உண்டு, எதிர்த்தவங்களும் உண்டு. வந்த முடிவு ரெண்டு பேருக்கும் முழு வெற்றி தரல. காப்பகம் தரமா இருந்தா மொழி, படிப்புல கொஞ்சம் நல்லது. ரொம்ப நேரம் விட்டா நடத்தைல கொஞ்சம் பிரச்சனை. ரெண்டையும் விட வீடு எப்படி இருக்குங்கறது தான் பெருசு. பெல்ஸ்கி மேல எனக்கு மரியாதை தான், திட்டு வாங்குவோம்னு தெரிஞ்சே எழுதினாரு. ஆனா அவர் எழுதினத வெச்சு "அப்ப பொம்பளைங்க வீட்டுல இருங்க"ன்னு போறதா, "அப்ப சம்பளத்தோட லீவு குடுங்க"ன்னு போறதாங்கறது சைக்காலஜி கேள்வி இல்ல.

ஜிக்லர்கிட்ட எனக்குப் பிடிச்ச விஷயமே தன் பக்கத்து ஆளுங்களயே அடக்கினது தான். மிச்சிகன்ல பெர்ரி பிரீஸ்கூல்னு ஒரு சோதனை, 1962ல ஆரம்பிச்சது, மொத்தம் 123 குழந்தைங்க, அதுல 58 பேருக்கு நல்ல பயிற்சி குடுத்து நாப்பது வயசு வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. ஐக்யூ அங்கயும் கரைஞ்சு தான் போச்சு, ஆனா பெரியவங்க ஆனப்ப வேலை, வருமானம், போலீஸ் கேஸ் எல்லாத்துலயும் அந்த 58 பேர் நல்லா இருந்தாங்க. உடனே எல்லா கட்சிக்காரனும் ஒரு டாலர் போட்டா இத்தன டாலர் வரும்னு மேடைல பேச ஆரம்பிச்சாங்க. ஹெட் ஸ்டார்ட்ட காப்பாத்தப் பொறந்தவரே இதுக்கு பிரேக் போட்டாரு, அது நல்லா படிச்ச டீச்சரும் அதிக காசும் போட்டு ஒரே ஊர்ல நடந்தது, ஹெட் ஸ்டார்ட் சென்டருக்கு அந்தக் காசும் இல்ல அந்தச் சம்பளமும் இல்ல, சின்ன வயசுல ஒரு வருஷம் ஏதோ குடுத்தா ஆயுசுக்கும் வறுமை அண்டாதுன்னு நெனைக்காதீங்க, அப்புறம் ஸ்கூல் நல்லா இருக்கணும், வீட்டுல வருமானம் இருக்கணும்னாரு. இல்லாத வாக்குறுதி குடுத்தா 1969 திரும்ப வரும்னு அவருக்குத் தெரியும். 1990கள்ல அதிகாரத்துல இருந்தவங்க தன் பக்கம் இருந்தும் ஹெட் ஸ்டார்ட்ட வேகமா விரிக்கறதுக்கு முன்னாடி தரத்த சரி பண்ணுங்கன்னு சொன்னாரு, பொறந்ததுல இருந்து மூணு வயசு வரைக்கும்னு ஏர்லி ஹெட் ஸ்டார்ட் வந்ததுலயும் அவர் பங்கு உண்டு. ஸ்கூல் கட்டடத்துலயே காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் குழந்தைய பாத்துக்கற மாதிரி 1988ல ஒரு மாதிரி ஸ்கூல் ஆரம்பிச்சு அது ஆயிரத்துக்கு மேல ஸ்கூலுக்குப் பரவுச்சு, அதப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன்.

லீவு கதை என்னாச்சுன்னா, அதுக்கான மசோதாவ பெரிய புஷ் 1990லயும் 1992லயும் ரெண்டு தடவ வீட்டோ பண்ணாரு, 1993 பிப்ரவரி 5ல கிளிண்டன் கையெழுத்து போட்டாரு. 12 வாரம். சம்பளம் இல்லாம. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற எடத்துல மட்டும். கமிட்டி கேட்டது ஆறு மாசம், வந்தது மூணு மாசம் கூட முழுசா இல்ல, அதுவும் பட்டினி லீவு. சம்பளம் இல்லாத லீவ ஏழை அம்மா எப்படி எடுப்பாங்கற கேள்வி இன்னும் அப்படியே நிக்குது. ஜிக்லர் 2019 பிப்ரவரி 7ல 88 வயசுல போய் சேந்துட்டாரு. அதே வருஷம் டிசம்பர்ல மத்திய அரசு ஊழியருங்களுக்கு மட்டும் அங்க 12 வாரம் சம்பளத்தோட லீவுன்னு சட்டம் ஆச்சு, தனியார்ல வேலை செய்றவங்களுக்கு நாடு முழுக்க பொதுவா அப்படி ஒண்ணு இல்ல.

இத அம்மாகிட்ட சொன்னேன். சாயந்திரம் களி கிண்டிக்கிட்டு இருந்தாங்க. "அவ்வளோ பெரிய நாட்டுல பச்ச ஒடம்புக்காரிக்கு மூணு மாசம் சம்பளம் குடுக்க மாட்டானா?"ன்னாங்க. இல்லம்மான்னேன். "நமக்கு?"ன்னாங்க. நமக்கு 2017ல இருந்து மொத ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட, 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கம்பெனில குழந்தைகள் காப்பகம் வெச்சே ஆகணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் குழந்தைய பாத்துட்டு வரலாம், தமிழ்நாடு கவர்மெண்ட் வேலைன்னா 2021ல இருந்து 12 மாசம்னு சொன்னேன். "அப்ப நாம தான் மேல"ன்னு துடுப்ப எடுத்து வெச்சுட்டு, கொஞ்சம் கழிச்சு, "சென்ட்ரிங் வேலைக்காரிக்கு?"ன்னாங்க. அவங்களுக்கு நல வாரியத்துல பதிஞ்சிருந்தா ஒரு தொகை, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமும் பொருளுமா 18,000 ரூபா, அவ்வளோதான்மா, லீவுங்கற பேச்சே இல்லன்னேன்.

எங்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி வாத்தியார் வேலை கெடைக்காம ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரில சேந்திருக்கா, காலைல நாலரைக்கெல்லாம் காவேரிப்பட்டணத்துல கம்பெனி பஸ் ஏறணும். லீவு முடியப் போகுது. காப்பகம் இருக்கான்னு ஹெச்.ஆர்ல கேட்டாளாம், ஒரு ரூம் காட்டினாங்களாம், சொவத்துல பொம்மை எல்லாம் வரைஞ்சு நல்லா இருக்காம், ஆனா பாத்துக்க ஆள் காலைல ஒம்பதரைக்குத் தான் வருவாங்களாம். இவ ஷிஃப்ட் ஆறு மணிக்கு. அதோட நாலரை மணி பஸ்ல கைக்குழந்தைய தூக்கிட்டுப் போறதா வேண்டாமாங்கறது வேற. இப்போதைக்கு அவங்க அத்தை ராயக்கோட்டைல இருந்து வந்து இருக்கறதா பேச்சு, அத்தைக்கு அங்க ரெண்டு மாடு இருக்கு, அத யார் பாக்கறதுன்னு தான் வீட்டுல ஓடிட்டிருக்காம்.